ஜேர்மனியில் இருந்த கோபிசங்கர்

நாரந்தனைக் கோபிசங்கர் கரம்பொன்னில் ஜேர்மன் மொழியான டொச்சுக்கு வகுப்புத் தொடங்கியபோது, அவர் எட்டு வருடம் ஜேர்மனியில் இருந்தவர் என்ற பேச்சும் கூடவே பரவியது. பரப்பியவர் அவரேதான். எங்கள் தேத்தண்ணீர் அவருக்குத் தொண்டையில் இறங்காது. பஸ் சற்றுப் பிந்தினாலும் ஜேர்மன்காரரின் ஒழுங்கைப் பற்றிப் பிரசங்கம் வைப்பார். படிக்க வந்தவர்கள் ஜேர்மனியில் இருந்த கணவன்மாரிடம் போகக் காத்திருந்த பெண்கள். மொழிப் பரீட்சையில் சித்தியடையாமல் விசா இல்லை என்பதால் அதையும் பொறுத்துக்கொண்டார்கள்.

ஒருநாள், ஓரிடத்தில் இருந்ததை டொச்சில் எப்படிச் சொல்வது என்ற பாடம். "இஷ் ஹாபே இன் கொழும்பு கெவேசன்" என்று பலகையில் எழுதினார். "ஐ ஹாவ் பீன் இன் கொழும்பு" என்ற ஆங்கில வசனத்துக்கு அப்படியே டொச் உடுப்பு மாட்டிய வேலை அது. நிலாந்தி எழும்பி, ஜேர்மனியில் உணவகத்தில் வேலை செய்யும் தன் கணவர் நிமலன் "இஷ் வார் இன் கொழும்பு" என்றுதான் சொல்லித்தந்தார் என்றாள்.

"உம்மடை மனிசன் கோப்பை கழுவிற இடத்திலை அப்பிடிக் கதைப்பினம்," என்றார் கோபிசங்கர். "படிச்ச சனம் உப்பிடிக் கதைக்காது."

அவள் கணவனை விட்டு வாத்தியாரை நம்பினாள்.

கொழும்பில் வாய்மொழிப் பரீட்சை. ஞாயிற்றுக்கிழமை எங்கே இருந்தீர் என்று பரீட்சகர் கேட்க, பலகையில் கண்டபடியே சொன்னாள். அந்த அம்மா தன்மையாக "வார்" என்று திருத்தினார். அதோடு நிலாந்திக்குத் தெரிந்த மற்றதெல்லாமும் சந்தேகமாகிவிட்டது. அதற்குப் பிறகு வாயே திறக்கவில்லை. சித்தியில்லை.

நடந்ததைக் கேட்ட நிமலன் ஜேர்மனியில் உள்ள எங்கள் ஊராரிடம் விசாரித்தார். கோபிசங்கரோடு ஒரே விமானத்தில் போன ஒருவரே அகப்பட்டார். மறுநாள் வகுப்பில் எல்லார் முன்னாலும் நிலாந்தி கேட்டாள்.

"சேர், நீங்கள் ஜேர்மனி ஏயாப்போட்டிலை மட்டும் இருந்துபோட்டு அங்கையிருந்தே திரும்பினனீங்களாமே?"

அவர் சோக்கட்டியைக் கீழே வைத்தார். "அதுவும் ஜேர்மனிதானே," என்றார்.

ஒருத்தியும் சிரிக்கவில்லை. கொப்பிகளை எடுத்துக்கொண்டு வெளியே போனார்கள். அந்த எட்டு வருடமும் மனிதர் கண்டியில் ஒரு புடவைக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தாராம். அதைச் சொல்வதில் என்ன வெட்கம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

நிலாந்தி தொலைபேசியில் கணவனிடமே படித்து அடுத்த தடவை சித்தியடைந்து போய்விட்டாள். கோபிசங்கர் இப்போது இறுப்பிட்டியில் வகுப்பு வைத்திருக்கிறார். அங்கே அவர் சுவிசில் இருந்தவராம். நல்ல கூட்டம் என்று கேள்வி.