பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று காட்டிய ஜெரோம்

ஜெரோம் தம்பி போய்விட்டார். காலையில் பால் வாங்கப் போன இடத்தில் நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

நெய்வேலி டவுன்ஷிப்பில் கம்ப்யூட்டர் வைத்திருந்த பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். பஜாரில் மாடிப்படிக்குக் கீழே சின்ன சர்வீஸ் கடை.

எனக்கு எழுதப் படிக்க வராது. நான் சொல்லச் சொல்ல என் மகள் அமுதா டைப் பண்ணுகிறாள்.

அவரை முதலில் பார்த்தது, அவள் புருஷன் விட்டுவிட்டுப் போன வருஷம். கைக்குழந்தையோடு முத்தாண்டிக்குப்பத்தில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். பழைய கம்ப்யூட்டர் ஒன்றை வாங்கி, காலேஜ் பிள்ளைகளுக்கு ப்ராஜெக்ட் அடித்துக் கொடுத்தாள். அதுதான் சோறு.

சித்திரை வெயிலில் ஒருநாள் பெட்டி செத்துப்போனது. நாலு பேருடைய ப்ராஜெக்ட் உள்ளே... மறுநாள் கொடுத்தாக வேண்டும். கொடுக்காவிட்டால் அந்தக் காலேஜிலிருந்து இனி ஒருத்தரும் வரமாட்டார்கள்.

பக்கத்தில் ஒருவன் பார்த்துவிட்டு, "மொத்தமும் போச்சு, புதுசு வாங்குங்க" என்றான். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஜெரோம் கடைக்குப் பஸ் ஏறினோம்.

ஜெரோம் மூடியைக் கழற்றினார். உள்ளே கரித்தூள். எங்கள் பக்கம் எந்த வீட்டிலும் இருப்பதுதான். ஆனால் இந்தத் தூள் சேறாகி, காய்ந்து, வெடித்திருந்தது.

"யாரு இதுக்குத் தண்ணி காட்னது?"

அமுதா தரையைப் பார்த்தாள். எனக்குப் புரிந்துவிட்டது. நான் வேலை பார்த்த நிலக்கரி மைன்ஸில் கரி மேடு சூடேறிப் புகைந்தால் நாங்கள் தண்ணீர்தான் அடிப்போம். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த பிள்ளை... பெட்டி கொதிக்கிறதே என்று ஈரச்சாக்கைப் போர்த்தியிருக்கிறாள்.

"நான்தான் தம்பி, சாக்க நனைச்சுப் போட்டேன்" என்றேன்.

(இதெல்லாம் வேணாம்ப்பா என்கிறாள், டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு. அடி, இருக்கட்டும் என்றேன்.)

ஜெரோம் என்னைப் பார்த்தார். அவளையும் ஒரு பார்வை. பிறகு என்னையே திட்ட ஆரம்பித்தார், அவளுக்கு நன்றாகக் கேட்கிற மாதிரி.

"ஏன் பெரியவரே, இது இன்னா கரி மேடா? மைன்ஸ வுட்டு வந்தும் ஹோஸ் பைப்ப வுட மாட்டீங்களா?"

அவரிடம் ஒரு வழக்கம். எது எது என்ன, எது கெட்டது என்று நம் வாயால் சொன்னால்தான் மூடியைத் திரும்ப மாட்டுவார். ஆபீசர் வந்தாலும் அதே கதி. "தெரியாம போனீங்கன்னா நாளைக்கு எவனாவது மொத்தமும் போச்சுன்னு புதுச தலைல கட்டுவான்" என்பார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"மொத்தப் பெட்டியையும் சி.பி.யு.ன்னு சொல்லிகினு இருக்கீங்க. இது வெறும் கேபினட்டு. சி.பி.யு. இந்தா, ஃபேனுக்கு அடில, பிஸ்கட்டு சைசுல. கணக்கு போடறது அதான். இது மதர்போர்டு, எல்லாருக்கும் இது மேலதான் குடித்தனம்."

"எஸ்.எம்.பி.எஸ். வந்து சப்ஸ்டேஷன். வூட்டு கரன்ட்ட எறக்கி ஆளாளுக்குப் பிரிச்சிக் குடுக்கும். உங்க தண்ணி மொதல்ல எறங்கினது இதுலதான். இது அவுட்டு."

அமுதா அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அடிச்சதெல்லாம் ரேம்லதானங்க இருக்கும்?"

"ரேமு ஷிப்டு ஆளுங்க மாரி, தங்கச்சி. கரன்ட்டு போனா கைல இருக்கறத அங்கயே போட்டுட்டுக் கெளம்பிடும். நீ சேவ் பண்ணதெல்லாம் ஹார்டு டிஸ்க்ல. அது ஸ்டோர்ஸு. பூட்டினாலும் சரக்கு கெடக்கும்... ஸ்டோர்ஸுக்குள்ள தண்ணி போச்சான்னுதான் பாக்கணும்."

அவள் பெட்டிக்கு மேல் குனிந்து பார்த்தாள்.

ப்ளோயரால் ஊதினார். ரேமை உருவி அதன் மஞ்சள் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்த்தார். வேறொரு பெட்டியின் எஸ்.எம்.பி.எஸ்.ஸைக் கழற்றி இதில் மாட்டினார்.

ஸ்விட்சில் கை வைத்துக்கொண்டு, "சொல்லுங்க பெரியவரே" என்றார்.

ஒன்று விடாமல் சொன்னேன்.

"நாளையிலேர்ந்து வேலைக்கு வந்துடுங்க" என்றபடி ஸ்விட்சைப் போட்டார்.

எல்லாம் இருந்தது. கடைசியாக அடித்த சில பக்கம் மட்டும் இல்லை. அவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்து அமுதா அதை மறுபடி அடித்தாள். டீ வாங்கி வைத்தார், ஷட்டரை இறக்காமல் காத்திருந்தார்.

மறுநாள் ப்ராஜெக்டுகள் போய்ச் சேர்ந்தன.

பிறகு பஸ் ஸ்டாப் பக்கம் அவள் டைப்பிங் சென்டர் திறந்தபோது முதலில் வந்தவர் அவர்தான். பெட்டியைத் தூக்கி மேசை மேல் வைத்தார்.

"ஒங்கப்பன் கைக்கு எட்டாத எடமா பாத்து வைம்மா. எப்ப சாக்கோட வருவாருன்னு சொல்ல முடியாது."

எத்தனை வருஷம் பழகியும், நனைத்தது யார் என்று தெரிந்தும், அவர் வாயில் அந்தச் சாக்கு என் சாக்காகவே இருந்தது.

அவர் ஊர் மேல்பட்டாம்பாக்கத்தில் இன்று சாயங்காலம் அடக்கம். தெரிந்தவர்கள் வந்துவிடுங்கள்.

அமுதா இன்று கடை திறக்கவில்லை. புடவை மாற்றிக்கொண்டு வந்து இதை அடிக்கிறாள்... பஸ்ஸுக்கு நேரமாகிறது.

போய் வாங்க தம்பி.