ஐந்தரை மணித்தியாலப் பிழை

யாழ்ப்பாணத்து அரியாலையில் ஹரோல்ட் என்று சொன்னால், "ஆர், அந்த யோசிக்கிற மனுஷனோ?" என்றுதான் கேட்பார்கள். அறுபது வயது. மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் கந்தோரில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது சபையின் மாதப் பத்திரிகையைக் கம்பியூட்டரில் பக்கம் அமைத்துக் கொடுக்கிறார். செருப்பு வாங்கப் போனால் மூன்று கடை ஏறி இறங்கிவிட்டு, பழையதையே போட்டுக்கொண்டு வீடு திரும்புகிற ஆள். கலியாணம் கட்டவில்லை. யாரையும் வேண்டாமென்று அவர் சொன்னதாக ஊரில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். யோசித்துக்கொண்டு இருந்தார், வயது போய்விட்டது.

போன ஒக்டோபரில் அவருடைய லப்டொப்புக்குச் சோதனை வந்தது. விண்டோஸ் பத்துக்கு இனிமேல் பாதுகாப்புப் புதுப்பிப்பு இல்லை என்று திரையில் அறிவித்தல். பதினொன்று அந்தப் பழைய மிஷினில் ஏறாது. டவுனில் திருத்துகிற கடை வைத்திருக்கும் சயந்தனிடம் தூக்கிக்கொண்டு போனார்.

"விண்டோஸை அழிச்சுப்போட்டு லினக்ஸ் போடுவம் சேர். சும்மா கிடைக்கும், பழைய மிஷினிலையும் நல்லா ஓடும்."

"அழிக்க ஏலாது தம்பி. பத்திரிகை வேலை முழுக்க அந்தப் பழைய புரோகிராமிலைதான். அந்த எழுத்து வேறை ஒண்டிலையும் ஒழுங்கா வராது."

"அப்ப ரெண்டையும் பக்கத்திலை பக்கத்திலை வைப்பம். இன்ரநெற்றுக்கு லினக்ஸ். விண்டோஸை இன்ரநெற்றிலை போடாமல் பத்திரிகைக்கு மட்டும் பாவியுங்கோ. எந்த லினக்ஸ் போடுறது?"

"கனக்க இருக்கோ?"

"ஓம் சேர், நூறுக்கு மேலை."

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றார் ஹரோல்ட்.

இந்த "யோசிச்சுச் சொல்லுறன்" அவருடைய வாழ்க்கையில் செய்த நாசத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, தேவாலயத்தில் பாடகர் குழுவின் ஒத்திகை முடிந்து எல்லோரும் போன பிறகு, பியாட்றிஸ் பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டே கேட்டாள்: "லண்டன் மாப்பிள்ளை ஒண்டு பேசி வந்திருக்கு. நீர் என்ன சொல்லுறீர்?" யோசிக்க அதில் ஒன்றுமே இருக்கவில்லை. இரண்டு வருஷமாக அந்தக் குரலுக்காகத்தான் அவர் ஒத்திகைக்கே போய்வந்தார். ஆனாலும் வாய் என்ன சொன்னது? யோசிச்சுச் சொல்லுறன். சம்பளத்தை யோசித்தார், கலியாணமாகாத தங்கச்சிமாரை யோசித்தார், நாட்டில் நடந்த சண்டையை யோசித்தார். பதினோராம் நாள் அயர்ன் பண்ணின சேட்டைப் போட்டுக்கொண்டு சைக்கிளில் போய் அவள் வீட்டுப் படலையில் நின்றார். தகப்பன் வெளியே வந்து, "பிள்ளையை நேற்றுக் கிளாலிக் கடலாலை வள்ளத்திலை ஏத்திக் கொழும்புக்கு அனுப்பிப்போட்டம், தம்பி. என்ன விஷயம்?" என்றார். "ஒண்டுமில்லை ஐயா, பாட்டுப் புத்தகம் ஒண்டு" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பினவர்தான்.

அந்தப் பியாட்றிஸின் புருஷன் நாலு வருஷத்துக்கு முன்னர் லண்டனில் காலமானார். அதன் பிறகு அவள் பழைய பாடகர் குழுவைப் பற்றி மாதம் ஒரு கட்டுரை சபைப் பத்திரிகைக்கு அனுப்பத் தொடங்கினாள். கட்டுரை பற்றிக் கதைக்க அவள்தான் கோல் எடுப்பாள். நினைத்த நேரம் எடுப்பாள். பத்து நிமிஷக் கட்டுரைக் கதை, அரை மணித்தியாலம் வேறு கதை. கோல் வைத்த பிறகு மனுஷன் தேத்தண்ணியை ஆறவிட்டுக்கொண்டு இருப்பார்.

சரி, லினக்ஸுக்கு வருவோம். கொப்பி ஒன்றை எடுத்துக் கோடு போட்டு, உபுண்டு, மிண்ட், டெபியன், பெடோரா என்று எழுதி, எதிரே நல்லது கெட்டது எழுதினார். ஆறு கிழமை எழுதினார். கடைசியில் மிண்ட் என்று முடிவெடுத்ததுகூட அவராக எடுத்த முடிவில்லை. சயந்தன் கொடுத்த பென்டிரைவில் இருந்தது அது ஒன்றுதான்.

நவம்பர் கடைசியில் ஒரு சனிக்கிழமை காலை, பத்திரிகைக் கோப்புகள் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்கில் இரண்டு தரம் எடுத்துவைத்துவிட்டு, ஜெபம் பண்ணிப்போட்டு உட்கார்ந்தார். திரை கேட்டது: விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவுவதா, டிஸ்கை முழுதாக அழித்துவிட்டு நிறுவுவதா? பழையது இருக்கட்டும், புதியதும் வரட்டும் என்று ஒரு வழி இருப்பதைப் பார்க்க மனுஷனுக்குக் கண் கலங்கியது. வாழ்க்கையில் அவருக்கு இப்படி ஒருவரும் கேட்டதில்லை. பிறகு உலகப் படம் ஒன்று வந்து, நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்றது. கொழும்பைத்தான் தொடவேண்டும். அம்புக்குறி சும்மா மேற்கே போய் லண்டனில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்பி வந்தது.

ஒரு பிழையும் இல்லாமல் நிறுவி முடிந்தது. இனி மிஷினைப் போட்டால் கறுப்புத் திரையில் பெயர்கள் வரும்: மேலே லினக்ஸ், கீழே விண்டோஸ். பத்து விநாடிக்குள் ஒன்றைத் தெரிவு செய்யாவிட்டால் அது தானாகவே லினக்ஸுக்குப் போய்விடும். முதல் நாள் மூன்று தரமும் ஹரோல்ட் யோசித்துக்கொண்டிருக்க அது போய்விட்டது.

அடுத்த நாள் ஒருவாறு விண்டோஸைப் பிடித்துத் திறந்தால், வெளியே பத்து மணி தாண்டின வெயில், மூலையிலுள்ள மணிக்கூடு காலை நாலு நாற்பது என்றது. பதறிப்போய் சயந்தனுக்குக் கோல் எடுத்தார்.

"அது ஒண்டும் பழுதில்லை சேர். லினக்ஸ் மிஷினுக்குள்ளை உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கும். விண்டோஸ் அதை எங்கடை நேரம் எண்டு நினைச்சுக் காட்டும். ஐந்தரை மணித்தியாலம் பிந்தும். ரெண்டு நிமிஷ வேலை, இப்பவே திருத்துவம்."

"உலகப் பொது நேரம் எண்டால் எந்த ஊர் நேரம்?"

"இப்ப லண்டன் நேரம் எண்டு வையுங்கோவன்."

ஹரோல்ட் திரும்பி அந்த நாலு நாற்பதைப் பார்த்தார்.

"இருக்கட்டும் தம்பி. யோசிச்சுச் சொல்லுறன்."

அதன் பிறகு மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. பத்திரிகை வேலை இல்லாத நாளிலும் விண்டோஸைத் திறந்துவைத்தார். இங்கே மத்தியானச் சோறு, அங்கே அவள் எழும்புகிற நேரம். ஆறரை என்றால் கேத்திலைப் போட்டிருப்பாள். எட்டு என்றால் குளிருக்குக் கோட்டைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்பாள். ஒரே டிஸ்கில் ஒரு பக்கம் அரியாலையும் மறுபக்கம் லண்டனும் ஓடின. முப்பத்திரண்டு வருஷமாக அவள் எந்த நேரத்தில் இருக்கிறாள் என்று தெரியாமலே நினைத்துக்கொண்டிருந்தவருக்கு, அந்த மூலையிலுள்ள நாலு இலக்கம் போதுமாக இருந்தது. போதும் என்றா சொன்னேன்? போதவில்லை. பார்க்கப் பார்க்க ஆசை கூடியது.

ஞாயிறு தோறும் அந்த மணிக்கூட்டில் பத்து அடிக்க, இப்போது அவரே கோல் எடுத்தார். அவள் பதினொரு மணி ஆராதனைக்கு வெளிக்கிட முதல் அரை மணித்தியாலம் கதைப்பார்கள்.

"ஒரு நிமிஷம் பிசகாமல் எடுக்கிறீர். நீர் திருந்திட்டீர் போல கிடக்கு," என்று பியாட்றிஸ் சிரித்தாள். காரணத்தை அவர் சொல்லவில்லை.

மார்ச் தொடக்கத்தில் அவள் சிரிக்காமல் ஒரு விஷயம் சொன்னாள். ரொறன்ரோவில் இருக்கிற மகன் தன்னோடு வந்து இருக்கச் சொல்லுகிறான். அரியாலையில் தாய் தகப்பனின் வீடும் வாடகைக்காரர் எழும்பி வெறுமையாகக் கிடக்கிறது. "உயிர்த்த ஞாயிறுக்குள்ளை அவனுக்கு ஒரு முடிவு சொல்லவேணும். கனடாவோ, ஊரோ? நீர் என்ன சொல்லுறீர்?"

அந்த வாயைத் தைத்தால் என்ன? "யோசிச்சுச் சொல்லுறன்" என்றது.

மூன்று ஞாயிறு அப்படியே போனது. குருத்தோலை ஞாயிறு வந்தது. இனி ஒரு கிழமைதான். காலை ஆராதனையில் கையில் குருத்தோலையோடு நின்றபோதே ஹரோல்ட் முடிவெடுத்துவிட்டார். ஒரே ஒரு சொல்: வாரும். வீட்டுக்கு வந்து அதைக் கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். பின்னேரம் மூன்றரைக்கு விண்டோஸ் மணிக்கூடு பத்தைக் காட்டியது. எடுத்தார்.

மணி அடித்தது, அவள் எடுக்கவில்லை. திரும்ப எடுத்தார். மூன்றாம் தரம் போன் நிறுத்திக் கிடந்தது. மனுஷன் கதிரையில் அப்படியே இருந்துவிட்டார். மகனுக்குச் சொல்லியாயிற்று, அதுதான் எடுக்கவில்லை என்று நினைத்தார். அந்தப் பழைய படலை கண்முன்னே வந்தது. அழுகை வந்தது. தனியே இருப்பவர் என்பதால் அடக்கவில்லை.

ஐந்து மணிக்கு அவளே கோல் எடுத்தாள்.

"கோயிலுக்குள்ளை இருக்கேக்கை ஏன் அடிச்சனீர்? எல்லாரும் திரும்பிப் பாத்தவை."

"பத்து மணிக்குத்தானே எடுத்தனான்?"

"எங்கை பத்து மணி?"

"உங்கை."

"இஞ்சை பதினொண்டு. ராத்திரி எல்லாரும் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினவை, கோடை காலத்துக்கு. அதுசரி, இஞ்சத்தை நேரம் பத்து எண்டு உமக்கு ஆர் சொன்னது?"

மறைக்க இனி ஒன்றுமில்லை. லினக்ஸ், விண்டோஸ், ஐந்தரை மணித்தியாலம் எல்லாவற்றையும் ஒப்புவித்தார்.

"அப்ப உது பிழைதானே? திருத்த ஏலாதோ?"

"ஏலும். ரெண்டு நிமிஷ வேலையாம்."

"பிறகேன் நாலு மாசமாத் திருத்தேல்லை?"

ஹரோல்ட் வாயைத் திறந்தார். வழக்கமாக வருகிற சொல்தான் முதலில் வந்தது, அதை விழுங்கினார்.

"வாரும்," என்றார். "கனடாவுக்குப் போகாதையும். இஞ்சை வாரும், பியாட்றிஸ்."

பஸ் ஒன்று அவளைக் கடந்து போவது கேட்டது.

"நான் பிந்திட்டனோ?" என்று கேட்டார்.

"இண்டைக்கு ஒரு மணித்தியாலம். அண்டைக்கு ஒரு நாள், அப்பா பிறகு எழுதினவர்." அவளுடைய குரல் உடைந்திருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவருக்கு விளங்கவில்லை. "அதுக்கு முதல் பத்து நாளும் நான் படலையைப் பாத்துக்கொண்டு இருந்தனான் ஹரோல்ட். தெரியுமோ உமக்கு?"

அவருக்குத் தெரியாது. யோசிக்கிற மனுஷன் அதை மட்டும் யோசித்திருக்கவில்லை.

"இப்ப என்ன சொல்லுறீர்?" என்று மெல்லக் கேட்டார்.

"யோசிச்சுச் சொல்லுறன்," என்றாள் பியாட்றிஸ். போனை வைத்துவிட்டாள்.

அந்தப் பின்னேரத்தை மனுஷன் எப்படிக் கழித்தார் என்று கேட்காதீர்கள். இரண்டு தரம் படலை வரைக்கும் போய் ஒழுங்கையைப் பார்த்துவிட்டு வந்தார். லண்டனில் இருப்பவள் ஒழுங்கையால் வரமாட்டாள் என்பது அவருக்கும் தெரியும். பிறகு லப்டொப்புக்கு முன்னால் இருந்து, மூலையிலுள்ள மணிக்கூட்டைத் திறந்து, கையாலேயே ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார். நாளைக்கு லினக்ஸ் அதைத் திரும்பப் பழையபடி பின்னுக்கு இழுத்துவிடும். நாளைக்கும் தள்ளவேண்டும், நாளை மறுநாளும் தள்ளவேண்டும், அவள் யோசித்துச் சொல்லும் வரைக்கும்.