தணலில் வெடித்த உப்பு

நேற்று ஹட்டனில் என் ஹோட்டல் அடுப்படியில் ஒரு முழுப் பன்றிக்குட்டி கரண்ட் அடுப்புக்குள் போனது. நத்தார் விருந்துக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, வந்த ஓடர். வெந்ததும் அடுப்பே மணியடிக்குமாம். நான் பழக்கதோசத்தில் கண்ணாடிக் கதவில் காதை வைத்தேன். சமையல் பையன்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அஞ்சாம் வகுப்பு தாண்டாதவன் மூன்று மாடி கட்டி, அவர்களுக்குச் சம்பளமும் கொடுக்கிறேன்.

காதை வைக்கச் சொல்லித்தந்த கதை வேறு. தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பங்களாச் சமையலுக்குச் சேர்ந்த முதல் வருசம். நத்தாருக்கு முழுக்குட்டி வேண்டும் என்றார் பெரிய துரை. சரியாக வந்தால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் திரும்பவும் மலையில் தேயிலைச்செடி நறுக்கும் கவ்வாத்துக் கத்தி. எனக்குத் தெரியாத சமையலா என்று நெஞ்சை நிமிர்த்தினேன். உண்மையில் பன்றியின் வாலைக்கூடத் தொட்டதில்லை.

குட்டி, எங்கள் லயத்து வரிசைவீட்டு லூர்து அக்கா வளர்த்தது. கொழுந்தெடுத்து வந்த கையோடு கழனித்தண்ணியும் கிழங்குத் தோலும் வைப்பார். குளிருக்குச் சாக்குப் போர்த்துவார். வேதக்காரர், கிறிஸ்தவர்தான், ஆனாலும் வளர்த்ததை வாயில் வைக்கமாட்டார். "என் கையில தின்ன உசுரு, தம்பி." நானோ மார்கழி விரதம். ருசி பார்க்க ஆளில்லாத சமையல் அது.

அக்கா காலையிலேயே சுத்தம்பண்ணி உப்புத் தடவி வைத்திருந்தார். அது தெரியாமல் நானும் இரண்டு கை அள்ளிப் பூசினேன். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சியை எரித்துத் தணலாக்கி, கம்பியில் கோத்துச் சுற்றினேன். தோல் சிவந்து மின்னியது. நீங்கள் பார்த்திருக்க வேண்டும்! விரதக்காரன், மூச்சை மட்டும் தாராளமாக இழுத்துக்கொண்டேன்.

எப்படி வேகிறது என்று பங்களாவுக்குப் பார்க்க வந்த அக்கா, கண்ணை மூடித் தணலைக் கேட்டார்.

"சொட்டு விழ விழப் படபடன்னு வெடிக்குதே. நீயும் உப்பு போட்டியா?"

"ஆமாக்கா..."

"போச்சு. தொரைக்குக் கடலையே ஊட்டப்போற."

அவர் அசரவில்லை. குட்டியை இறக்கி, கொதிதண்ணியால் உள்ளும் புறமும் கழுவி, வயிறு நிறைய உரித்த உருளைக்கிழங்கை அடைத்துத் தைத்தார். மறுபடி தணல். பிறகு சத்தம் மாறியது எனக்கே கேட்டது. சொட்டு விழுந்தால் வெறும் 'சுஸ்'. "இப்ப சரி" என்றார், கோயில் மணி கேட்டவர்போல. நாக்கில் வைக்காமல் உப்புப் பார்த்த மனுசியை அதற்கு முன்னும் பின்னும் நான் கண்டதில்லை.

விருந்து மேசையில் கத்தி பட்டதும் தோல் கண்ணாடியாக உடைந்தது. இறைச்சியை விட, உப்பைக் குடித்த கிழங்குக்குத்தான் போட்டி.

"யாரு செஞ்சது?" துரை கேட்டார்.

"நான்தானுங்க."

பின்கதவில் அக்கா நின்றிருந்தார். "கொதிதண்ணி மிச்சமிருக்கு தம்பி. வாயையும் கழுவிக்கிறியா?"

வேலை நிரந்தரமானது. அந்தக் கிழங்கு இன்றும் என் ஹோட்டல் சாப்பாட்டுப் பலகையில் என் பெயரில்தான் இருக்கிறது. அக்கா போய்ச்சேர்ந்துவிட்டார். பன்றிக்கூடு இருந்த இடத்தில் தண்ணீர்த் தாங்கி நிற்கிறது.

நேற்று விருந்து முடிந்து போனவர்கள், "ஐயாவோட கைதான் கை" என்றார்கள். நானும் தலையாட்டினேன். தலையாட்டிவிட்டுப் பின்கதவைப் பார்த்தேன். வாயைக் கழுவச் சொல்ல அங்கே யாரும் இல்லை.