ஊதா மட்டும் வேண்டாம்

ஆஸ்பத்திரியில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்க மாட்டாள். ‘பளபளா’ என்று கூப்பிட வேண்டும். ஆபரேஷன் தியேட்டருக்குப் பின்னால், ஜன்னல் இல்லாத ஓர் அறையில் அவளுக்கு வேலை. ரத்தக் கறையோடு வந்து விழும் கத்தரிகளையும் கிடுக்கிகளையும் ஊறவைத்து, கழுவி, துடைத்து, துணியில் சுற்றி, நீராவிப் பெட்டிக்குள் அனுப்ப வேண்டும். அவள் கை பட்ட கத்தரியில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்று நர்ஸுகள் கிண்டல் செய்வார்கள். அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். இருக்கட்டுமே, என்ன தப்பு?

கல்யாணம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, நரை எட்டிப் பார்த்த பிறகுதான் நடந்தது. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி லிஃப்ட்டைப் பழுதுபார்க்க வந்தவர். எந்த லிஃப்ட்டையும் ஓட வைத்துவிடுவார். அவர் வாயைத் திறக்கத்தான் எங்கே பட்டன் இருக்கிறதென்று யாருக்கும் தெரியாது. முதல் மனைவி நோயில் போய்விட்டாள். எட்டாம் வகுப்பு படிக்கும் ஒரு மகள்.

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள மாட்டாள், எதிர்த்துப் பேச மாட்டாள், போட்ட சோற்றைச் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைத்துவிடுவாள். ஒன்றே ஒன்றுதான்: பளபளாவை அவள் எதுவும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் பக்கத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமுவாள். பளபளா திரும்பியதும் விஷயத்தைச் சொல்வாள். ‘அம்மா’ என்று கூப்பிட வேண்டும் என்ற பேராசையெல்லாம் பளபளாவுக்கு இல்லை. ‘சித்தி’ என்று ஒரு வார்த்தை. அதற்காக அவள் ஏங்கினாள். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

பள்ளி விடுமுறை விட்டதும் அப்பாவும் மகளும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரைக்குப் போவது வழக்கம். அம்மா இருந்த காலத்தில் தொடங்கிய பழக்கம். இந்த முறை, “நீயும் வாயேன்” என்றார் அவர். அவ்வளவுதான், பளபளாவுக்குத் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே பரணிலிருந்து பையை இறக்கி, சாமான்களையெல்லாம் தொட்டியில் போட்டுவிட்டாள். அடுப்புத் தாங்கி, கரண்டி, ஒரு சின்ன வாணலி, மூன்று சாம்பல் நிறக் கப்புகள். அதில் ஒரு கப்பின் அடியில் மட்டும் கன்னாபின்னாவென்று தீய்ந்த கறை. ஊதாவும் நீலமும் மஞ்சளுமாக, விளிம்பு வரை ஏறியிருந்தது. விடுவாளா அவள்? கம்பி நாரை எடுத்து, பொடி போட்டு, உள்ளங்கை சிவக்கத் தேய்த்தாள். போய்த் தொலைந்தது கறை. கப்பு நிலா மாதிரி வெளுத்துவிட்டது.

மகள் எழுந்து வந்தாள். துடைத்து வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்த கப்புகளைப் பார்த்தாள். அந்த ஒரு கப்பை மட்டும் எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்தில் சாய்த்துக்கூடப் பார்த்தாள். பிறகு சத்தம் வராமல் சமையல் மேடையில் வைத்தாள்.

“நான் வரலப்பா. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க” என்று கூடத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

மெக்கானிக் வந்து பார்த்தார். தலையைச் சொறிந்தார். “அது... அவ அம்மாவோட கப்பு” என்றார்.

“அந்தக் கறை?”

“கறை இல்லம்மா. அது கப்போட கலர். அவ அம்மா கையில வந்த கலர்.”

“இதைத் தொடாதேன்னு முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீங்க?” என்று பளபளா அவர் மேல் பாய்ந்தாள். பாவம், அவரும் என்ன செய்வார்? ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் விடியாததுமாக ஒருத்தி கம்பி நாரோடு உட்காருவாள் என்று கனவா கண்டார்?

மறுநாள் வேலை முடிந்து நேரே கடைக்குப் போனாள். மலையேறுகிறவர்கள், கூடாரம் போடுகிறவர்களுக்கான சாமான் விற்கும் கடை. கண்ணாடி அலமாரியில் கப்புகள் வரிசையாக நின்றன: நீலம், பச்சை, பொன் நிறம், ரோஜா நிறம், ஊதா. பக்கத்திலேயே அதே நிறங்களில் ஸ்பூன், முள்கரண்டி, மடக்கும் பிடி வைத்த சின்னச் சட்டி. ஒன்றை எடுத்தாள். கையில் ஏதோ இருக்கிறது என்றே தெரியவில்லை, அத்தனை லேசு. அந்த லேசு அவள் விரலுக்குப் பழக்கமானது.

“இது டைட்டானியமா?”

“ஆமா மேடம். நெருப்புல வைக்கலாம், துருப்பிடிக்காது. பெயின்ட் கிடையாது, உலோகத்து மேல மெலிசா ஒரு தோல், அதுல வெளிச்சம் பட்டுத்தான் இந்தக் கலர் தெரியுது. சூடு பட்டாலும் கலர் வரும். ஒண்ணு மட்டும், கம்பி நார் போட்டுத் தேய்ச்சிடாதீங்க. போயிடும்.”

பளபளா நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண் ஆபரேஷன் சாமான்கள் எல்லாம் இதே டைட்டானியம்தான், இதே நீலம்தான். ‘மெத்துன்னு இருக்கற பிரஷ்தான் போடணும், நார் பக்கமே போகக் கூடாது’ என்று புதிதாக வருகிறவர்களைத் திட்டித் தீர்ப்பவளே அவள்தான். ஊருக்கெல்லாம் சொன்னவள் வீட்டில் கோட்டை விட்டுவிட்டாள். அலுமினியம் என்று நினைத்துத் தொலைத்தாள்.

மகளுக்கு என்ன நிறம் எடுப்பது? யோசித்தபோதுதான் தெரிந்தது, அவளுக்கு என்ன நிறம் பிடிக்கும் என்றே தனக்குத் தெரியாதென்று. அவருக்குப் போன் போட்டாள்.

“என்னங்க, உங்க பொண்ணுக்கு எந்தக் கலர் பிடிக்கும்?”

“கலரா... எல்லாக் கலரும் பிடிக்குமே.”

“நல்லா வளர்த்தீங்க போங்க” என்று வைத்துவிட்டாள்.

ஊதாக் கப்பை எடுத்தாள். அழித்த நிறத்துக்கு அதுதான் கிட்டத்தில் வந்தது. வெகுநேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு எடுத்த இடத்திலேயே வைத்தாள். மகளின் ஜாமெட்ரி பாக்ஸ் பச்சை என்பது நினைவுக்கு வந்தது, அவளுக்குப் பச்சை. அவருக்குப் பொன் நிறம். தனக்கு, வேறென்ன, ஆஸ்பத்திரி நீலம். அதே நிறங்களில் ஸ்பூன்கள்.

“ஊதாதான் மேடம் நல்லா ஓடுது. அதுல ஒண்ணு போடட்டுமா?”

“அது மட்டும் வேண்டாம்பா. அந்தக் கலர் எங்க வீட்ல ஒருத்தருக்குச் சொந்தம்.”

வீட்டுக்கு வந்தபோது யாரும் இல்லை. வெளுத்த கப்பு மேடையில் இருந்தது. சூடு பட்டாலும் கலர் வரும் என்று கடைக்காரர் சொன்னது காதிலேயே நின்றது. அடுப்பைப் பற்றவைத்தாள். கப்பைக் கிடுக்கியில் பிடித்துத் தீக்குக் கிட்டத்தில் கொண்டுபோனாள். ஒரு நிமிஷ வேலை. யாருக்குத் தெரியப்போகிறது? கப்பைத் திரும்ப மேடையில் வைத்தாள். அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

மகள் வந்ததும் ஒளிக்காமல் சொன்னாள். “தீயில காட்டினா கலர் வந்துடும்னு கடையில சொன்னாங்க. காட்டிடலாம்னு அடுப்பு வரைக்கும் போயிட்டேன். காட்டல. அது உங்கம்மா கொண்டுவந்த கலர். நான் போட்டு வச்சா உன்னை ஏமாத்தின மாதிரி ஆகும். தெரியாம அழிச்சுட்டேன்மா. எனக்கு மனசே ஆறல.”

மகள் கடைப் பைக்குள் எட்டிப் பார்த்தாள். “பச்சை யாருக்கு?”

“உனக்குத்தான். உன் ஜாமெட்ரி பாக்ஸ் பச்சைன்னு...”

“அது அப்பா வாங்கினது. எனக்குப் பச்சையே பிடிக்காது.”

“ஐயையோ.”

“நீலம் யாருக்கு?” நீலக் கப்பை எடுத்து விரலால் தட்டிப் பார்த்தாள். அது சன்னமாக ஒலித்தது. “நான் இதை எடுத்துக்கட்டுமா? நீங்க பச்சையை வச்சுக்கறீங்களா?”

“எடுத்துக்கோ, எடுத்துக்கோ. நான் எதுல வேணா குடிப்பேன்.”

“அம்மா கப்பையும் எடுத்துட்டுப் போலாம்” என்றாள் மகள். அப்போதுதான் அவள் வரப்போகிறாள் என்பது பளபளாவுக்கு உறைத்தது. முகத்தைக் கழுவப் போவதுபோல் குளியலறைக்குள் போய் அழுதுவிட்டு வந்தாள்.

ஏரிக்கரையில் பொழுது சாயும் நேரம். மெக்கானிக் கூடாரக் கயிறுகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். மகள் அம்மாவின் கப்பில் டீக்குத் தண்ணீர் ஊற்றி, சின்ன அடுப்பில் தானே வைத்தாள். பளபளா எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தாள். வாயைக் கொடுக்கப் பயமாக இருந்தது, ஆனாலும் கேட்டுவிட்டாள்.

“அந்தக் கலர் எப்படி வந்துச்சு?”

“அம்மா ஓட்டைவாய்” என்றாள் மகள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. “பக்கத்துக் கூடாரத்து அக்காகிட்ட பேச உட்கார்ந்தாங்கன்னா எழுந்திருக்கவே மாட்டாங்க. டீக்கு வச்ச தண்ணி பூரா வத்தி, கப்பு காஞ்சு... அப்பா கத்தினாரு. என் கப்பு மட்டும் மேக்கப் போட்டுருக்குன்னு அம்மா எல்லார்கிட்டயும் காட்டினாங்க.” பிறகு இன்னொன்று சொன்னாள், அம்மா கூடாரத்தின் ஜிப்பைப் பிய்த்தது. அப்புறம் இன்னொன்று, அம்மா மீனுக்குப் பயந்து தண்ணீரில் இறங்காதது. இத்தனை நாள் அடைத்து வைத்ததெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. பளபளா குறுக்கே பேசவில்லை. வயிறு குலுங்கச் சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள், “அப்புறம்?” என்று கேட்டாள். அடுப்பை இருவரும் மறந்தே போனார்கள்.

“தண்ணி வத்திப்போச்சு பாருங்க!” என்று மெக்கானிக் கயிற்றை விட்டுவிட்டுக் கத்தினார். வருஷக்கணக்கில் அவர் போட்ட பெரிய சத்தம் அது.

மகள் அடுப்பை அணைத்தாள். காய்ந்த கப்பின் அடியில் பொன் நிறம் படர்ந்து, அதன் மேல் ஊதா ஏறி, ஓரத்தில் நீலம் கசிந்திருந்தது. பழையது மாதிரி இல்லை, வேறு வடிவம். மூவரும் குனிந்து பார்த்தார்கள். பளபளா தன்னை மறந்து கையை நீட்டினாள். நாளெல்லாம் சூடான கருவிகளைத் தொடக் கையுறை போடச் சொல்லி மற்றவர்களை விரட்டுகிறவள்தான்.

“சித்தி, தொடாதீங்க, சுடும்!”

சொன்னவளுக்கே அது தெரியவில்லை. கப்பைப் பிடிக்கத் துணி தேடி அந்தப் பக்கம் திரும்பிவிட்டாள். மெக்கானிக் மட்டும் பளபளாவைப் பார்த்தார்.

மறுநாள் காலையில் ஏரித் தண்ணீரில் எல்லாவற்றையும் கழுவியது பளபளாதான். நீலத்தையும் பச்சையையும் பொன்னையும் விரலாலேயே அலசினாள். கடைசியாக அம்மாவின் கப்பு. அடியில் புகைக் கரி கொஞ்சம் ஒட்டியிருந்தது, கை பரபரத்தது. அப்படியே தண்ணீரில் ஒருமுறை முக்கி எடுத்து, கரியோடு துணியில் சுற்றி, பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.