குஞ்சம்மாள் பேரில் ஓர் ஈ

நாராயணசாமி ஈ பிடிக்கப் போகிறார் என்றால் கச்சிராயபாளையத்தில் சிரிக்காதவர்கள் கிடையாது. கல்லூரியில் விலங்கியல் ஆய்வகத்தில் வேலை. ஞாயிற்றுக்கிழமையானால் தோளில் வலை. அவர் தேடியது வீட்டில் மொய்க்கிற ஈ அல்ல. வால்பக்கம் கத்திமுனையாகக் கூர்ந்து போகும், யாரையும் கடிக்காது, மணலில் முட்டையிடும் ஒரு வகை.

அக்காள் குஞ்சம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. கரும்புக் கொல்லையில் களை வெட்டி அவரைப் படிக்க வைத்தவள். கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் கறுப்பாக ஒரு பெண் ஈ கிடைத்ததும், புது இனம் என்று கட்டுரை எழுதி, அக்காள் பெயரையே அதற்கு வைத்தார். அந்த மலையைத் தவிர வேறெங்கும் கிடையாது என்றும் அடித்து எழுதினார். ஆண் ஈயைப் பார்க்காமல் பெயர் வைக்கக் கூடாது என்பது அந்த வேலையில் பாலபாடம். அவருக்குத் தெரியாதா என்ன? அவசரம். அக்காளுக்கு ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற ஆசை வேறு.

"ஈக்குப் போயி எம் பேரா? வேற ஒண்ணும் கெடைக்கலியா ஒனக்கு?" என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டவள், வாரம் திரும்புவதற்குள் சந்தை முழுக்கச் சொல்லிவிட்டாள்.

எண்பத்தேழில் இட ஒதுக்கீடு கேட்டு அவருடைய சாதிசனங்கள் சாலைகளில் மரத்தை வெட்டிச் சாய்த்தார்கள். பஸ் ஓடவில்லை. மலைக்குப் போயிருந்த நாராயணசாமி நடந்தே இறங்கினார். கால் கடுத்துப்போய்க் கோமுகி ஆற்று மணலில் உட்கார்ந்தபோது, எதிரே ஒரு ஜோடி ஈ இணைந்திருந்தது. பெண், சந்தேகமே இல்லை, அக்காள் பேர் வைத்ததுதான். ஆணோ வெள்ளி முடி மினுங்க, சமவெளி ஆறுகளில் எல்லாம் திரிகிற பழைய இனம். வெள்ளைக்காரன் காலத்திலேயே பேர் வாங்கியது.

இரண்டும் ஒன்றுதான். முதலில் வைத்த பேர்தான் நிற்கும். குஞ்சம்மாள் பேர் செல்லாது. ஜோடியைக் கண்ணாடிக் குழாயில் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

ஊர் எல்லையில் புளியமரம் குறுக்கே கிடந்தது. மறியல்காரர்களுக்குக் குஞ்சம்மாள் சோறு போட்டுக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் வெங்கடேசன், மறியலை முன்னின்று நடத்தியவர், எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாங்க சார். நம்மாளுக்கு எடம் குடுத்தா இன்னா செய்வான்னு கேக்கறானுங்க. உங்களத்தான் காட்டணும். புதுசா ஒரு உசுரையே கண்டுபிடிச்சிருக்கீங்களே!"

மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது நாராயணசாமிக்கு. அதற்குள் அக்காள் குழாயைப் பார்த்துவிட்டாள்.

"இதுல எதுடா நானு?"

அவர் பெண் ஈயைக் காட்டினார்.

"பக்கத்துல இருக்கறது?"

"அது வேறக்கா."

"இன்னாடா வேற? புருசன் பொண்டாட்டியா ஒட்டிக்கினு இருக்குது. அப்ப அதுக்கும் எம் பேருதான?"

சொல்லிவிட வேண்டியதுதான். வாயைத் திறந்தார். அத்தனை முகங்களும் அவரையே பார்த்தன. அக்காளின் கை, களைக்கொட்டு பிடித்துக் காய்த்த கை, குழாயைத் தாங்கியிருந்தது.

"ஆமாக்கா" என்றார்.

கைதட்டல் எழுந்தது. அவர் தலை நிமிரவில்லை.

மறுவருஷம் தன் தவறைத் தானே எழுதி, அந்தப் பேரை நீக்கினார். விஞ்ஞானத்துக்கு நேர்மையாக இருந்துவிட்டார், அக்காளுக்குத்தான் முடியவில்லை. வாயெடுத்த போதெல்லாம் வேறு பேச்சுக்குத் தாவினார்.

வெகுகாலம் கழித்துக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரியில் அவள் படுத்திருந்தபோது, பக்கத்துக் கட்டில் ஜெயம்மாளிடம் ஈக்குத் தன் பேர் வைத்த கதையைச் சொன்னாள். ஜெயம்மாள் நம்பவில்லை.

"தோ நிக்கிறான் பாரு எந்தம்பி, அவனையே கேளு. பொய் பேசமாட்டான்" என்றாள் குஞ்சம்மாள்.

ஜெயம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். நாராயணசாமி ஆமாம் என்று தலையை ஆட்டினார்.