கம்பிக்கு வைத்த பொட்டு

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்! எங்கள் வீட்டுக் கணினி அடுத்து யார் கைக்கு வருகிறதோ, அவருக்கு இக்குறிப்பு. கணினியின் முதுகில், இணையக் கம்பியைச் செருகும் துளையின் ஓரம் கடுகளவு பச்சை விளக்கு ஒன்று உண்டு. கம்பியில் உயிர் இருந்தால் அது மினுக்கும். விஜயபுரத்தை அடுத்த எங்கள் ஊரில், சென்ற ஆண்டு ஆயுத பூஜை முடிந்த மூன்றாம் நாள் மதியம் அது இருண்டு கிடந்தது. மாலை ஐந்து மணிக்குள் என் இளைய மகள், திருப்பதியில் நர்சிங் படிக்கத் தான் விரும்பும் கல்லூரிகளை இணையத்தில் பதிந்தாக வேண்டும். "ஆப்ஷன் குடுக்கலனா ராங்க் வந்தும் சீட் இல்ல நைனா" என்று பத்தாம் முறையாகச் சொன்னாள். கைபேசியில் அலை நிற்பதில்லை. நகரத்துப் பேருந்தும் போய்விட்டது. நான் உட்காரவும் மாட்டாமல் நிற்கவும் மாட்டாமல், மோடத்தை அணைப்பதும் போடுவதும், கம்பியைப் பிடுங்குவதும் செருகுவதுமாக இருந்தேன். இணைப்புக் கொடுத்தவரை வாயார வைதேன். அந்தப் பதற்றத்தின் நடுவேதான் பழைய தொலைபேசி லைன்மேன் ஒருவர் நினைவுக்கு வந்தார்.

இளவயதில் ரேணிகுண்டாவில் தொலைபேசிக் கம்பி புதைக்கப் பள்ளம் தோண்டும் கூலியாளாக அவரிடம் இருந்தேன். ஒரு சாண் நிலமில்லாத வீட்டுப் பிள்ளை நான். எழுத்தும் பிற்பாடு நானே கூட்டிக் கற்றது. அவர் என்னைவிட இரண்டே வயது மூத்தவர். நாக்கு மட்டும் இருபது வயது மூத்தது. ஓர் ஆயுத பூஜையன்று, தெருவோரக் கம்பிப் பெட்டியின் கதவுக்கு வைக்க வேண்டிய சந்தனத்தை, பக்தி மிகுதியால் உள்ளே கம்பிகள் சேரும் முனைகளுக்கும் வைத்துவிட்டேன். மறுநாள் ஒரு தெருவே ஊமையாயிற்று.

"ஏன்டா, கம்பிக்கு இன்னாத்துக்குப் பொட்டு? அதுக்கு இன்னா கண்ணாலமா?" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். ஆனால் மேலதிகாரி வந்து கேட்டபோது, "மழைத்தண்ணி பூந்துகிச்சு சார்" என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பவே இல்லை. என் வேலை பிழைத்தது. இரண்டிரண்டு கம்பியாக ஓடும் ஜோடிகளின் முனைகளைத் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டிருந்த என்னிடம் பிறகு சொன்னார்: "செத்த ஜோடியக் கட்டிக்கினு அழாத. சும்மா கீற ஜோடிக்கு மாத்து. செத்ததுல ஒரு முடிச்சு போடு, அடுத்தவன் ஏமாறக் கூடாது."

இப்போது வீட்டில், பழுது கம்பியிலா கணினியிலா என்று முதலில் அறிய வேண்டும். ஸ்ரீசிட்டி ஆலைக்குப் போய்வரும் பக்கத்து வீட்டுக்காரரை அழைத்தேன். அவருடைய மடிக்கணினியில் அத்துளையே இல்லை, யூ.எஸ்.பி.யில் செருகும் சிறு அடாப்டர் வழியாகத்தான் கம்பியை மாட்டினார். அடாப்டரில் பச்சை விளக்கு மினுக்கியது. ஆகக் கம்பி நலம். நோய் எங்கள் கணினியில். "இதுலயே பதிஞ்சிடலாமா?" என்றாள் மகள். "கம்பெனி லேப்டாப்பும்மா, வேற எதுவும் தெறக்காது" என்றார் அவர்.

டார்ச் அடித்துத் துளைக்குள் பார்த்தேன். முனைகளின் மேல் சந்தனம் காய்ந்து, பச்சை பூத்திருந்தது. பூஜையன்று கணினிக்கு முன்பக்கப் பொட்டு போதாதென்று பின்னாலும் வைத்தவன் நானே.

"எலி கடிச்சிருக்குமா நைனா?"

ஒரு கணம் அந்த எலியின் பின்னால் ஒளிந்துகொள்ளத் தோன்றியது. அன்று எனக்காக ஒருவர் பொய் சொன்னார். இன்று எனக்காக நானே சொல்லிக்கொள்ள நா எழவில்லை. "நான்தாம்மா. பொட்டு வெச்சேன்" என்றேன்.

முறைத்தாள். "சாமி உள்ளயே போயி குந்திக்கினாரா?" என்றாள்.

துளையைச் சுரண்ட ஊசி எடுத்த கையை நிறுத்தினேன். அந்த அடாப்டரையே இரவல் வாங்கி எங்கள் கணினியில் செருகினேன். விளக்கு மினுக்கிற்று. ஐந்துக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அவள் பதிந்து முடித்தாள்.

இவ்வாண்டு ஆயுத பூஜையன்று திருப்பதி விடுதியிலிருந்து அழைத்தாள். "நைனா, பொட்டு எங்க வெச்ச?" மேசைக்கு மட்டும் என்றேன். லைன்மேன் இப்போது எங்கே இருக்கிறாரோ, அறியேன். அந்த மழைத்தண்ணிக்கு நான் அவரிடம் நன்றி சொன்னதே இல்லை. நாங்கள் வாங்கிய அடாப்டரில் பச்சை விளக்கு மினுக்குகிறது. பழைய துளையின் மேல் கறுப்பு டேப் ஒட்டியிருக்கிறேன், அடுத்தவர் ஏமாறாதிருக்க. இக்குறிப்பையும் கணினியுடனேயே வைத்துக் காக்குமாறு வேண்டுகிறேன்.