பாதியில் நின்ற பாங்கு

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் எங்கள் வளவு நிலத்தின் நாலு மூலையிலும் பாங்கு சொல்ல வேண்டும். என் மாமனார் காலத்து வழக்கம்; அவருக்குப் பிறகு எங்கள் வீட்டுக்காரர் சொல்லிவந்தார். நமுனுகுல மலையடியில், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தை ஒட்டித்தான் எங்கள் கடையும் வீடும். மலை சரியக் கூடாது, இடி விழக் கூடாது, பலா முசீபத்து, ஆபத்து எதுவும் அண்டக் கூடாது என்று அல்லாஹ்வின் பெயரை நாலு திக்கிலும் உரக்கச் சொல்லிவைப்பது. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வெறுங்காலோடு போக வேண்டும். ஏன் வெறுங்கால் என்று நான் கேட்டதே இல்லை.

மூன்று மூலை சமதரை. நாலாவது மூலை லயத்துக்குப் பின்னால், கித்துள் மரத்துக்கும் மேலே. போன மழைக்கு எங்கள் வீட்டுக்காரருக்கு முழங்கால் வீங்கி, கட்டிலை விட்டு இறங்கவே பெரும்பாடு. ரோட்டில் மண் விழுந்து பஸ் ஓடாததால் மருமகன் எங்களோடு இருந்தார். பதுளை டவுனில் ஃபோன் கடை வைத்திருப்பவர். அவரைப் போகச் சொன்னேன்.

"மாமி, பாங்கு தொழுகைக்குத்தான். மலைக்குப் பாங்கு சொல்றது மார்க்கத்துல எங்க இருக்கு?"

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி மாளாது. "மலைக்குக் கேக்க வேணாம் மகன், எனக்குக் கேக்கட்டும். லயத்துச் சனத்துக்குக் கேக்கட்டும். ஒருதரம் சொன்னா வாய் தேஞ்சா போகும்? செருப்பக் கழட்டிட்டுப் போங்க."

"புல்லுல அட்ட ஏறிக் கடிக்கும் மாமி."

"கடிச்சா கடிக்கட்டும். சுண்ணாம்பு தாறேன்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார். ஆனால் குரல் இருக்கிறதே, மாஷா அல்லாஹ்! அவரிடம் சொன்னால் தலைக்கனம் ஏறிவிடும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

லயத்தின் வீட்டு வரிசையில் கடைசிக் காம்பராவில், அந்த நாலாவது மூலைக்கு நேர் கீழே, ஒரு தங்கச்சி கைக்குழந்தையோடு இருந்தாள். கொழுந்து பறிப்பவள், மாரியம்மனைக் கும்பிடுகிறவள். புருஷன் கொழும்பில் வேலை. "நானா பாங்கு சொல்லி முடிச்சாத்தான் ராத்தா எனக்குத் தூக்கமே வரும்" என்பாள்; அண்ணன் முறைக்கு எங்கள் வீட்டுக்காரர் அவளுக்கு நானா, அக்கா முறைக்கு நான் ராத்தா. மழை நாளில் வாசற்படியில் உட்கார்ந்து கடைசி வரை கேட்பாள்.

மூன்று மூலையும் முடிந்து நாலாவதில் குரல் எழுந்தது. 'ஹய்ய அலஸ்ஸலாஹ்' வரைக்கும், பாதிதான் வந்தது. அப்புறம் மழைச் சத்தம்தான்.

"என்ன, மறந்திட்டாரா?" என்றார் வீட்டுக்காரர்.

பாங்கு யாருக்காவது மறக்குமா? நான் வெளியே ஓடினேன். அதற்குள் அந்தத் தங்கச்சி பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எங்கள் முற்றத்துக்கே வந்துவிட்டாள். "ராத்தா, பாங்கு நின்னு போச்சு!" அவள் பின்னால் லயமே வெளியே நின்றது. மருமகன் சறுக்கிச் சறுக்கி இறங்கி வந்தார். ஒரு கால் முழங்கால் வரை சேறு.

"தர வெடிச்சிருக்கு மாமி! மேல புல்லு, வெளிய ஒன்னுமே தெரியல. கால வெச்சதும் உள்ள போயிட்டுது. எல்லாரும் ஓடுங்க!"

வீட்டுக்காரரை அவர்தான் முதுகில் சுமந்தார். ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த பள்ளிக்கூடத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்தில் கித்துள் மரம் நின்றபடியே மண்ணோடு இறங்கியது. கடைசிக் காம்பராவும் எங்கள் அடுப்படிக் குசினியும் போயின. ஒரு உயிரும் போகவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

பள்ளிக்கூடத்தில் எல்லாரும் பாயை விரித்து உட்கார்ந்த பிறகும் அந்தத் தங்கச்சி மட்டும் பிள்ளையைக் கீழே விடவில்லை. தேத்தண்ணீர் கொடுத்தேன், வாங்கவில்லை. கடைசியில் மருமகனிடம் போய் நின்றாள்.

"தம்பி, அது பாதியிலயே நிக்குதுங்க. மிச்சத்தையும் சொல்லிடுங்களேன்."

இவர் இப்போது மார்க்கம் பேசப்போகிறார் என்று நான் பயந்தேன். அவர் எழுந்தார். யாரோ கொடுத்திருந்த செருப்பைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு மழையில் இறங்கினார். பள்ளிக்கூட வளவின் ஒவ்வொரு மூலையாகப் போய் முதலிலிருந்து கடைசி வரை சொன்னார்.

நாலாவது மூலையில் 'லா இலாஹ இல்லல்லாஹ்' என்று முடிந்ததும், அவள் பிள்ளையைப் பாயில் இறக்கிவிட்டாள்.